பலி ஒருமுறைதான்

1936 பிப்ரவரி 3, திங்கள்

சங்கு ஊதுவதற்கு முன்பே மில் வாசலில் நின்றோம். இன்று நூல் மோசம். ரீலில் சுற்றிச் சிட்டம் போடப் போட அறுகிறது. பக்கத்து ரீலிலிருந்து ராமாத்தாள், "ஏனுங்க்கா, உங்க சாமிகிட்டச் சொல்லி நல்ல நூலா அனுப்பச் சொல்லுங்க" என்றாள். "உங்க சாமிக்கு வாயில்லையா?" என்றேன். சிரித்துவிட்டாள். மேஸ்திரி பொங்கியண்ணன் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

மிஷன் போர்டிங் பள்ளிக்கூடத்தில் நாள் தவறாமல் எழுதப் பழக்கிவிட்டார்கள். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. இந்தப் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

ராமாத்தாளின் புருஷன் மயில்சாமி இன்று மில்லில் செத்துப்போனார்.

எழுத வரவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும். நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

கூரைக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிறது ஷாப்ட் என்கிற இரும்புத் தண்டு. அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பெல்ட் இறங்குகிறது. ஷாப்டைத் தாங்கியிருக்கும் இடங்களில் தினமும் எண்ணெய் விட வேண்டும். நிறுத்தினால் எல்லா மிஷினும் நின்றுவிடும் என்பதால், ஓடும்போதே ஏணி வைத்து ஏறி ஊற்ற வேண்டும். அதுதான் மயில்சாமியின் வேலை. தோளில் கிடந்த துண்டு பெல்ட்டில் மாட்டியது. துண்டு போன வழியே கையும் போனது. கையோடு ஆளும். மலையிலிருந்து பைக்காரா கரண்ட் வந்ததிலிருந்து ஷாப்ட் போகிற வேகத்தில் கத்துவதற்குக்கூட நேரம் இல்லை.

ஒரு வருஷத்தில் அதே ஷாப்டில் மூன்றாவது ஆள். இரண்டு பேருக்கு விரலோடு போனது.

மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். நான் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாசலுக்கு வெளியே நின்றேன். ராமாத்தாளே எழுந்து வந்து என் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள். அழவில்லை. "அவரு துண்டு எங்கீங்க்கா? எல்லாம் குடுத்தாங்க, துண்டு மட்டும் குடுக்கலீங்க" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

பிப்ரவரி 8, சனி

மிஷின் ஓடத் தொடங்கும் முன்பு மேஸ்திரி மானேஜரிடம் சொன்னது நாங்கள் இருக்கும் ரீலிங் வரைக்கும் கேட்டது. "ஷாப்ட் பூட்டுனப்ப காவு குடுக்கலீங்க. அதான் அதுவா எடுத்துக்குது. ஒரு கிடாய் வெட்டிப்போட்டா அடங்கிரும்."

மானேஜர் பங்காருசாமி உடனே சரி என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை.

மயில்சாமி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெல்ட்டைச் சுற்றிக் கம்பி வலை அடியுங்கள், எண்ணெய் ஊற்றக் கால் மணி நேரம் நிறுத்துங்கள் என்று. அதற்கு ஒருவரும் சரி சொல்லவில்லை. ஆடு என்றதும் சரி.

பிப்ரவரி 9, ஞாயிறு

எங்கள் ஜெபக்கூடத்தில் உபதேசியார் வேதமாணிக்கம் இன்று ரத்தத்தைப் பற்றித்தான் பிரசங்கம் செய்தார். திருநெல்வேலிக்காரர், தமிழ் அழகாக இருக்கும். எகிப்தில் ஆட்டுக்குட்டியின் ரத்தம் பூசிய வீடுகளைச் சாவு தாண்டிப் போனதாம். "நம்முடைய நிலைக்கால்களிலே ஆண்டவருடைய ரத்தம் பூசப்பட்டிருக்கிறது. புறஜாதியாருக்கு நேரிட்டது நமக்கு நேரிடாது."

மயில்சாமியைத்தான் சொல்கிறார். எரித்து மூன்று நாள் ஆகவில்லை.

ஜெபம் முடிந்ததும் கிட்டப் போய்க் கேட்டேன். "போன வருஷம் நம்ம சபை சாலமோனுக்கு ரெண்டு விரல் போச்சுங்களே, அவரு நிலைக்காலில ரத்தம் காஞ்சு போயிருந்துதுங்களா?"

"அது விசுவாசக் குறைவம்மா."

சாலமோன் பின்னால்தான் நின்றிருந்தார். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 12, புதன்

மயில்சாமியின் இடத்துக்கு என் வீட்டுக்காரரைப் போட்டுவிட்டார்கள். பஞ்சு சிக்கெடுக்கும் கார்டிங்கில் தூசி கூட்டிக்கொண்டிருந்த மனுஷனை.

"முடியாதுன்னு சொல்றதுதானுங்க?" என்றேன்.

"சொன்னா ஊட்டுக்குப் போன்னு சொல்லுவாங்க. உனக்குத் தெரியாததா?"

இவர் யாருக்கும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் என்னிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

கறுப்புக் கிடாய். மாலை போட்டு ஷாப்டுக்கு நேர் கீழே நிறுத்தினார்கள்.

பூசைக்காக ஷாப்டை நிறுத்தினார்கள்! முக்கால் மணி நேரம் நின்றது. யார் குடியும் முழுகிப் போகவில்லை. கால் மணி நேரம் கேட்ட மயில்சாமியைப் பார்த்து, "அதுவரைக்கும் உங்கப்பனா நூல் நூப்பான்?" என்ற அதே மேஸ்திரி கைகட்டி நின்றார்.

தட்டத்தில் ரத்தத்தைப் பிடித்துத் தூணில் பூசினார்கள். பிறகு மேஸ்திரி கட்டைவிரலில் தொட்டு ஒவ்வொருவர் நெற்றியிலும் வைத்துக்கொண்டு வந்தார். என் முன்னால் நின்றார்.

"நெத்தியக் காட்டு."

"எனக்கு வேண்டாமுங்க."

"வேதக்காரின்னா என்ன? உனக்கும்தான் காப்பு."

என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைக்கவில்லை. வந்துவிட்டது. "எங்களுக்குப் பலி முடிஞ்சு போச்சுங்க. ஒரே தடவை, ஒருத்தரோட முடிஞ்சுது. அதுக்கப்பறம் ஆடும் வேண்டாம், ஆளும் வேண்டாம். இந்த ஷாப்ட் ரத்தம் கேக்கலீங்க மேஸ்திரி. கம்பி வலைதான் கேக்குது."

ஷாப்ட் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. மற்ற நாளில் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்கும்.

மேஸ்திரி விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "இனிமே இங்க எவனுக்கு என்ன ஆனாலும் உன்ற தலைமேலதான்" என்றார்.

நான் தலை குனியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில் இவரைப் பார்த்தேன். இவர் நெற்றியில் ரத்தப் பொட்டு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தொட்டித் தண்ணீரில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "பயமா இருக்குது சுகிர்தம். ஏணியில ஏறறவன் நானு" என்றார். என்ன சொல்வேன்? ஏறுகிறவர் இவர்தானே.

பிப்ரவரி 16, ஞாயிறு

உபதேசியார் சபைக்கு முன்னால் என்னைப் புகழ்ந்தார். விக்கிரக ரத்தத்தை மறுத்துச் சாட்சி பகர்ந்த சகோதரியாம். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தைரியத்தில், "கம்பி வலைக்கு நீங்க ஒரு வார்த்தை மொதலாளிகிட்டச் சொல்லுங்கய்யா" என்றேன்.

முகம் மாறியது. "அது வேறே விஷயமம்மா."

"எனக்கு ரெண்டும் ஒரே விஷயமுங்க."

ஜெபக்கூடம் இருக்கும் நிலம் முதலாளி விட்டுக்கொடுத்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்று புரிந்தது. அங்கே ஆட்டின் ரத்தத்தைப் பூசுகிறார்கள். இங்கே ஆண்டவரின் ரத்தத்தைப் பூசுகிறார்கள். இரண்டும் ஒரே காரியத்துக்குத்தான். வலை அடிக்காமல் இருப்பதற்கு! அவர் சிலுவையில் செத்தது இதற்கா? எங்கள் கழுத்தில் தாயத்தாகத் தொங்குவதற்கா?

பிப்ரவரி 20, வியாழன்

ஒரு பெல்ட் அறுந்து சாட்டை மாதிரி சுவரில் அடித்தது. யார்மேலும் படவில்லை. படாதது ஆட்டினால் என்றார்கள். அறுந்தது என்னால் என்றார்கள்.

எதிர் ரீல்காரி ஒருத்தி என் ரீலுக்கு அருகில் வந்து காறித் துப்பிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 24, திங்கள்

ராமாத்தாள் வேலைக்குத் திரும்பினாள். வெள்ளைச் சேலை. மற்றவர்கள் அவளைக் கண்டும் விலகினார்கள், என்னைக் கண்டும் விலகினார்கள். ஆக எங்கள் இரண்டு பேருக்கும் நிறைய இடம் கிடைத்தது.

பிப்ரவரி 26, புதன்

நாற்பது நாள் லெந்து நோன்பு இன்று தொடக்கம். என் வேலை இன்று முடிவு.

மானேஜர் கூப்பிட்டார். "ஏம்மா, நீ இருந்தா மத்தவங்களுக்குக் கை ஓடலையாம். கொஞ்ச நாள் ஊட்டுல இரு."

"எத்தனை நாளுங்க?"

"சொல்லி அனுப்பறேன்."

"வலை எப்பங்க அடிப்பீங்க?"

நோட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார். நானும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

பிப்ரவரி 29, சனி

ராமாத்தாள் என் வீட்டுக்கு வந்தாள். அவள் சனங்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நான் பதறினேன். "சொல்லிப்போட்டுப் போறாங்க" என்று உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, உங்க சாமி ரத்தம் குடுத்தாருன்னீங்களே, யாருங்க கேட்டாங்க? எங்க மாரியாத்தா கேப்பா, குடுப்போம். உங்க சாமிகிட்ட ரத்தம் கேக்கறதுக்கு மேல யாரு இருக்கறாங்க?"

எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பதில் தெரியும். நம் பாவத்துக்குப் பிதாவின் நியாயம் ரத்தம் கேட்டது, குமாரன் நமக்குப் பதிலாகச் சிந்தினார். நூறு தடவை ஒப்பித்திருக்கிறேன், பரிசும் வாங்கியிருக்கிறேன். இன்று இந்த வெள்ளைச் சேலைக்கு முன்னால் அது வாயில் வரவில்லை. ரத்தம் கேட்கிறவர் மேலே ஒருவர் இருக்கிறார் என்றால் மேஸ்திரி சொன்னதும் சரிதானே?

யோசித்து யோசித்துச் சொன்னேன். "கேட்டது சாமியில்ல ராமாத்தா. கேட்டது மனுஷங்க. அதிகாரி கேட்டான், குருமாருங்க கேட்டாங்க, கூட்டம் கூடிக் கத்திக் கேட்டுது. ஒருத்தன் செத்தா ஊருக்கு நல்லதுன்னாங்க. அவரு, என்ற ரத்தத்தை எடுத்துக்குங்க, இதோட நிறுத்துங்கன்னு குடுத்தாரு. அப்படித்தான் எனக்குப் படுது."

"நிறுத்துனாங்களா?"

"இல்லை."

"அப்ப நாமதான் நிறுத்தோணும்" என்றாள், அடுப்பில் பொங்கும் பாலை இறக்கச் சொல்வது போல.

மார்ச் 2, திங்கள்

சர்க்கார் பாக்டரி இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதினேன். தமிழில்தான். மூன்று பேர் பெயர், நடந்த நாள், ஷாப்ட் எந்த இடம், என்ன கேட்டோம், என்ன சொன்னார்கள். ஆட்டைப் பற்றியும் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அவர்களைச் சிரிக்க வைப்பதற்கல்ல இந்த மனு.

முதல் கைரேகை ராமாத்தாளுடையது. அடுத்தது சாலமோன், ரேகை வைக்கும் விரல்தான் அவருக்கு இல்லை, இடது கையில் வைத்தார். பதினொரு பேர் சேர்ந்தார்கள். ஒன்பது பேர் மேஸ்திரியிடம் நெற்றி காட்டியவர்கள்.

இவர் வைக்கவில்லை. "நான் இன்னும் உள்ளே வேலை செய்யறவன்" என்றார். மற்றவர்களும்தான் செய்கிறார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை, காய்ச்சல். உபதேசியாரே வந்தார். காய்ச்சல் விசாரிக்க அல்ல.

"மனுவைத் திரும்ப வாங்கிக்கொள். ஆண்டவர் அடிக்கப்படுகிற ஆட்டுக்குட்டியைப் போல வாய் திறவாமல் நின்றார். நமக்கு அதுவே மாதிரி."

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தேன். "தன்ற ரத்தத்துக்கு அவரு வாய் திறக்கலீங்க. அடுத்தவங்களுக்குன்னா திறந்தாருங்களே! தேவாலயத்துல ஆடு புறா வித்தவங்களைச் சாட்டை எடுத்து வெரட்டலீங்களா? நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

"வாதம் பண்ணாதே. பெரிய வியாழனுக்குப் பாதிரி ஐயர் கோயமுத்தூரிலிருந்து வருகிறார். மனுவைத் திரும்பப் பெறாவிட்டால் உனக்குத் திருவிருந்து கிடையாது."

கெஞ்சுவேன் என்று நினைத்திருப்பார். "கதவைச் சாத்திட்டுப் போங்கய்யா, குளுருது" என்றேன்.

அவர் போன பிறகு அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் வந்தாராம். ராமாத்தாள் ஓடி வந்து சொன்னாள். மானேஜர் அவருக்குப் புது ஏணியைக் காட்டினாராம். அவர் ஏணியைப் பார்க்காமல் ஷாப்டையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு குறித்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 3, வெள்ளி

மில்லுக்குக் காகிதம் வந்துவிட்டது. வலை அடிக்க வேண்டும், ஓடும் ஷாப்டில் ஆளை ஏற்றக் கூடாது. குமாஸ்தா படித்துக் காட்டியதை இவரே கேட்டிருக்கிறார். மானேஜர் அதை மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். மறுபடி இவரை ஏணியில் ஏறச் சொன்னார்கள்.

"ஏறுனீங்களா?"

"ஏறுனேன்."

இரண்டு பேரும் களியை உருட்டி உருட்டி வைத்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 9, பெரிய வியாழன்

போனேன். ஆராதனைக்குக் கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, எல்லோரோடும் எழுந்து போய் மண்டியிட்டேன். கொடுக்காவிட்டால் கொடுக்காமல் போகட்டும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொடுக்காமல் போகட்டும்.

ஐயர் வயதானவர். உபதேசியார் அவர் காதில் ஏதோ சொன்னார். அப்பம் என்னைத் தாண்டிப் போனது. பிறகு கிண்ணமும். திராட்சரசத்தின் புளித்த வாசனை முகத்தில் பட்டது. அடுத்து மண்டியிட்டிருந்தவர் இவர். குடித்தார். இவர் விழுங்கியது எனக்குக் கேட்டது.

அங்கேயே இருந்தேன். கடைசி ஆள் எழுந்து போகும் வரை எழவில்லை.

அந்த ரத்தம் எனக்கில்லை என்று சொல்ல இவர்கள் யார்? அதென்ன அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் சாமானா? எல்லோருக்காகவும் என்றுதானே கிண்ணத்தைத் தூக்கிச் சொல்கிறீர்கள்? எல்லோருக்குள் நான் இல்லையா? மயில்சாமி இல்லையா?

வரும் வழியில் விடுவிடென்று முன்னால் நடந்தேன். இவர் பின்னால் வந்தார்.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

மில்லுக்கு இன்று லீவு இல்லை. விடியும் முன்பே இவர் போய்விட்டார். நான் ஜெபக்கூடத்துக்குப் போகாமல் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு மேல் இருக்கும், வெயிலில் இவர் திரும்பி வருகிறார். முதலில் கையைப் பார்த்தேன். இரண்டு கையும் இருந்தது.

"என்னங்க?"

"முடியாதுன்னு சொல்லிப்போட்டேன்."

கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். ஒரு செம்பு முழுவதும் குடித்தார். பிறகு கோர்வையில்லாமல் சொன்னார். மேஸ்திரி எண்ணெய்க் கேனைக் கையில் கொடுத்திருக்கிறார். இவர் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஷாப்டை நிறுத்துங்கள், ஏறுகிறேன் என்றிருக்கிறார். மானேஜர் வந்திருக்கிறார். "தேவசகாயம், நீ சாதுவாச்சே, உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

"அதுக்கு என்ன சொன்னீங்க?"

"நேத்துக் கிண்ணம் உன்னைத் தாண்டி எங்கிட்ட வந்துது சுகிர்தம். குடிச்சேன். அது உள்ளே போகலே. இங்கியே நின்னுட்டு இருந்துது" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "மானேஜர்கிட்டச் சொன்னேன், இன்னிக்கு என்ன நாளுன்னு தெரியுங்களா, இன்னிக்கு ஒருத்தர் ரத்தத்தைக் குடுத்து முடிச்சுப்போட்டாருங்க, என்ற ரத்தத்தைக் கேக்காதீங்கன்னு."

"மானேஜர் முன்னாலயா?"

"எல்லாரு முன்னாலயும். பயந்துக்கிட்டேதான் சொன்னேன். ஊட்டுக்குப் போன்னுட்டாங்க."

இவரை நான் பத்து வருஷமாகப் பார்க்கிறேன். இன்றுதான் பார்த்தேன்.

ஏப்ரல் 11, சனி

இன்னொரு எண்ணெய்க்காரனை ஏறச் சொன்னார்கள். மேலே பார்த்தான், ஏணியைப் பார்த்தான், அவனும் முடியாது என்றான். ஏற ஆளில்லை. மத்தியானம் ஷாப்ட் காய்ந்து புகை கிளம்பியது. வேறு வழியில்லாமல் நிறுத்தினார்கள். ராமாத்தாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். மயில்சாமி செத்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது இன்றுதான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். யாரும் எழுப்பவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

வலை அடிக்கிறார்கள். இவரை வரச் சொல்லி ஆள் வந்தது. என்னைச் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள்.

"நீயில்லாம நான் எப்படிப் போறது?" என்றார். "போங்க. உள்ளே இருந்து வலையைப் பார்த்துக்கறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல" என்று அனுப்பிவைத்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

உபதேசியார் வாசலில் நிறுத்தி, அடுத்த மாதம் ஐயர் வரும்போது திருவிருந்துக்கு நீயும் வரலாம் என்றார். மனுவைப் பற்றிப் பேச்சில்லை. "போன தடவையும் வந்தேனுங்களே" என்றேன். அவர் கண்ணைத் தாழ்த்தினார். நான் தாழ்த்தவில்லை. ஆனாலும் அந்த மனுஷன்மேல் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்தது.

மே 6, புதன்

ஒரு வாரமாக சிங்காநல்லூர்க் குளத்தோரம் வெள்ளியங்கிரிக் கவுண்டர் தோட்டத்தில் களையெடுக்கிறேன். மில்லைவிட வெயில் அதிகம். தூசி இல்லை. இருமல் குறைந்திருக்கிறது. முதுகுதான் ஒடிகிறது.

இன்று பதினோரு மணிக்கு மில் சத்தம் நின்றது. சட்டென்று காகம் கத்துவது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது எல்லாம் கேட்டது.

கவுண்டர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தார். "என்னம்மணி, கரண்டு போயிருச்சாட்டம் இருக்குது?"

"இல்லீங்க. எண்ணெய் ஊத்தறாங்க."

"அதுக்கா முச்சூடும் நிறுத்திப்போட்டாங்க?"

"ஆமாங்க. தினமும் நிறுத்துவாங்க."

சத்தம் மறுபடி தொடங்கக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை நான் குனியவில்லை.